வில்லன்களின் வீடுகள்: மிட்-சென்சுரி மாடர்ன் ரசிகர்கள் பார்க்க வேண்டிய பழைய படங்கள்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த வீடு, அறைக்கலன் வடிவமைப்பான மிட்-சென்சுரி மாடர்ன் பாணியில் மயங்கியவர்கள் அந்தக் காலத்துப் படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினால் சீக்கிரமே ஒன்றைக் கவனிப்பார்கள். தட்டைக் கூரை, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, ஒல்லிக் கால் சோபா, சுவரோடு நீண்டு கிடக்கும் வால்நட் மர அலமாரி என்று இந்தப் பாணியை மிக அழகாகக் காட்டிய படங்களே இதை அதிகம் சந்தேகித்த படங்களும். நல்லவன் பழைய கட்டடத்தில் வாடகைக்கு இருப்பான். கண்ணாடி வீடு வில்லனுடையது. இல்லாவிட்டால் கேலி செய்வதற்கென்றே கட்டியது.

நாற்காலி பார்க்க மட்டும் போகிறவருக்கு இது ஒரு பொருட்டில்லை. ஆனால் படம் அந்த வீட்டை நம்புகிறதா, கண்டு பயப்படுகிறதா, பார்த்துச் சிரிக்கிறதா என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால், கேமரா ஏன் அங்கே நிற்கிறது, சோபா ஏன் அந்த மூலையில் கிடக்கிறது என்பதெல்லாம் விளங்கத் தொடங்கும். இங்கே சொல்லும் படங்கள் அப்படிப் பார்க்கத் தகுந்தவை. பாணியின் காலம் என்று சுமார் 1945 முதல் 1970 வரை வைத்துக்கொள்ளலாம்.

அகலத் திரையும் தாழ்ந்த சோபாவும்

1945 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் வெளிவந்துகொண்டிருந்த 'ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர்' இதழின் ஆசிரியர் ஜான் என்டென்ஸா, கேஸ் ஸ்டடி ஹவுஸ் திட்டத்தை அறிவித்தார். எஃகும் கண்ணாடியும் ஒட்டுப்பலகையும் கொண்ட மாதிரி வீடுகள் ஹாலிவுட்டின் கொல்லைப்புறத்திலேயே எழத் தொடங்கின. அப்படியிருந்தும் ஸ்டூடியோக்கள் அங்கே போய்ப் படம் எடுத்தது குறைவு. காரணம் எளிது. நாலு பக்கமும் கண்ணாடி என்றால் விளக்கு, கேமரா, மைக் பிடிக்கும் ஆள் எல்லோரும் கண்ணாடியில் தெரிவார்கள். வெளியே வெயில், உள்ளே விளக்கு வெளிச்சம்; இரண்டின் அளவும் நிறமும் ஒத்துப்போகாது. செட் போட்டால் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து மாட்டலாம், பல இடங்களில் கண்ணாடியே இல்லாமல் சட்டத்தை மட்டும் நிறுத்திச் சமாளிக்கலாம். அதனால்தான் நாம் வியக்கும் வீடுகளில் பல, படப்பிடிப்பு முடிந்ததும் ஆணி பிடுங்கப்பட்டவை.

இன்னொரு காரணம் லென்ஸில் இருக்கிறது. 1953-க்கு முன் ஹாலிவுட் படச்சட்டம் கிட்டத்தட்டச் சதுரம். அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்குதான். டிவியிடமிருந்து கூட்டத்தைத் திரும்ப இழுக்க அந்த ஆண்டு சினிமாஸ்கோப் வந்ததும் அது 2.55 மடங்கானது, பிறகு ஒளிவழி ஒலித்தடத்துக்கு ஃபிலிமில் இடம் ஒதுக்கி 2.35-இல் நின்றது. ஆரம்ப சினிமாஸ்கோப் லென்ஸ்களில் ஒரு கோளாறு இருந்தது: நடிகரின் முகத்தருகே போனால் கன்னம் பக்கவாட்டில் உப்பித் தெரியும். தொழிலில் அதற்குப் பட்டப்பெயரே பொன்னுக்குவீங்கி. நட்சத்திரத்தின் கன்னம் வீங்கினால் யார் பொறுப்பு? குளோசப்பைக் குறைத்தார்கள். கேமராவைப் பின்னுக்குத் தள்ளி, மூன்று நான்கு பேரை அகலவாட்டில் நிறுத்திப் பேசவிட்டார்கள். ஆளுக்கு ஆள் இடையே இப்போது இடம் கிடந்தது. உயரமான பழங்கால பீரோவை அங்கே வைத்தால் தலை வெட்டுப்படும். எட்டடி நீளச் சோபா, முழங்கால் உயர மேசை, சுவரோடு ஓடும் அலமாரி என்றால் சட்டத்துக்குள் கச்சிதமாக உட்காரும். வீடுகள் தாழ்ந்து நீண்ட அதே ஆண்டுகளில் திரையும் தாழ்ந்து நீண்டது இந்தப் பாணிக்கு அடித்த யோகம்.

மலைமேல் ஒரு வீடு

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் என்றால் ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) போதும். தொடக்கமே பாடம். சால் பாஸ் வடிவமைத்த எழுத்துகள், பச்சைப் பின்னணியில் சாய்ந்தோடும் கோடுகளின்மேல் ஏறி இறங்குகின்றன. கோடுகள் மெல்ல ஒரு நியூயார்க் கண்ணாடிக் கட்டடத்தின் முகப்பாக மாறுகின்றன. அந்தக் கண்ணாடியில் கீழே தெருவில் போகும் டாக்சிகள் நெளிகின்றன. நகரத்தையே ஒரு கட்டம் போட்ட தாளாகப் பார்க்கும் அந்தக் காலத்துக் கண் அந்த டைட்டில் ஓடி முடிவதற்குள் வந்துவிடுகிறது.

ஆனால் எல்லோரும் இந்தப் படத்துக்கு வருவது கடைசிப் பகுதியில், ரஷ்மோர் மலைக்குப் பின்னால் வரும் வில்லன் வான்டாமின் வீட்டுக்காக. அப்படியொரு வீடு அங்கே இருந்ததில்லை. புரொடக்‌ஷன் டிசைனர் ராபர்ட் எஃப். பாய்லின் குழு, வீட்டின் துண்டு துண்டான பகுதிகளைக் கல்வர் சிட்டியில் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் கட்டியது. தூரத்துக் காட்சிகளில் தெரிவது மேட் ஓவியம், அதாவது எடுத்த காட்சியோடு ஒட்டிச் சேர்த்த ஓவியம். படம் விஸ்டாவிஷனில் எடுக்கப்பட்டது. அதில் ஃபிலிம் கேமராவுக்குள் படுக்கைவாட்டில் ஓடும், ஒரு சட்டத்துக்கு எட்டுத் துளை நீளம் கிடைக்கும். நெகட்டிவ் பெரிதாக இருந்ததால் ஓவியத்தையும் செட்டையும் ஒட்டிய இடம் பிசிறடிக்காமல் வந்தது.

அப்போது அமெரிக்கப் பொதுமக்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட். வில்லனுக்குப் பணமும் ரசனையும் உண்டு என்று ஒரே பார்வையில் சொல்ல, அவர் பாணியைத் தொட்டால் போதும். கரடுமுரடான சுண்ணாம்புக்கல் சுவர், செங்குத்துச் சரிவின்மேல் அந்தரத்தில் நீளும் வரவேற்பறை, அகன்ற கண்ணாடி. ஒன்றில் மட்டும் ரைட் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். அவருடைய ஃபாலிங்வாட்டர் வீட்டில் கான்கிரீட் தளங்கள் தாங்குவார் இல்லாதது போல் நீண்டு நிற்கும். இந்த வீட்டிலோ தரைக்கடியில் சாய்வான எஃகு உத்தரங்கள் மறைப்பில்லாமல் தெரிகின்றன. அவை இல்லாவிட்டால் கதாநாயகன் தார்ன்ஹில்லாக வரும் கேரி கிராண்ட் எதைப் பிடித்து ஏறுவார்?

அந்த இருபது நிமிடத்தை வீட்டின் வரைபடம் கையில் இருப்பது போலப் பாருங்கள். உத்தரம் வழியாக ஏறியதால் தார்ன்ஹில்லுக்கு ஜன்னல் பக்கம் பேச்சு கேட்கிறது. கல் சுவரில் கற்கள் முன்னும் பின்னுமாகத் துருத்திக்கொண்டிருப்பதால் அதைப் பற்றி மாடிக்குப் போக முடிகிறது. மாடியில் வரவேற்பறையைப் பார்த்தபடி திறந்த நடைபாதை. அங்கிருந்துதான் தன் பெயரெழுத்து பொறித்த தீப்பெட்டி அட்டையைக் கீழே காதலி ஈவின் காலடியில் வீசுகிறார். பூட்டிய அறைகளும் குறுகிய படிக்கட்டும் உள்ள பழைய மாளிகையில் இது நடக்காது. கடைசியில் அவரைக் காட்டிக்கொடுப்பது அணைத்து வைத்த டிவி. மாடியில் நிற்பவரின் பிம்பம் அந்த இருண்ட திரையில் விழ, வேலைக்காரி பார்த்துவிடுகிறாள். எதிரி நாட்டுக்கு ரகசியம் கடத்துகிறவன் ஊரே பார்க்கும்படி கண்ணாடி வீட்டிலா இருப்பான் என்று கேட்கக் கூடாது. கேட்டால் படமே இல்லை.

அறைக்குள் இருக்கும் பொருட்களையும் விட்டுவிட வேண்டாம். நவீன இருக்கைகளுக்கு நடுவே பழங்கலைப் பொருட்கள். கதையின் மைக்ரோஃபிலிம் ஒளிந்திருப்பதே ஒரு பழங்கால மெக்சிகோ சிலைக்குள். எல்லாமே ஒரே கடையில், ஒரே ஆண்டில் வாங்கியது போன்ற அறை இன்றைய விளம்பரங்களின் கற்பனை. அன்றைய ரசனையுள்ள வீடுகளில் புதியதும் பழையதும் கலந்தே கிடந்தன.

வில்லன் மரபு

இந்த வழக்கத்தை ஹிட்ச்காக் தொடங்கவில்லை. 1950-இல் வந்த 'தி டேம்ட் டோன்ட் க்ரை' படத்தில் பாலைவன ஊரில் இருக்கும் ரவுடியின் வீடு, உண்மையில் பாம் ஸ்பிரிங்ஸில் ஃபிராங்க் சினாட்ராவுக்காக ஈ. ஸ்டூவர்ட் வில்லியம்ஸ் 1947-இல் கட்டிய ட்வின் பாம்ஸ். படம் சுமார்தான். ஆனால் அந்த வீட்டையும் நீச்சல்குளத்தையும் கட்டி மூன்றே ஆண்டுகளில், ஒட்டுப்போடாத நிலையில் பார்க்கலாம். அதற்காகவே ஒருமுறை பார்க்கத் தகும்.

1962-இல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'டாக்டர் நோ' இதைச் சூத்திரமாக்கியது. பெர்லினில் பிறந்த கென் ஆடம் குறைந்த பணத்தில் போட்ட செட்கள் அவை. பேராசிரியர் டென்ட் சிலந்திப் பெட்டியை வாங்கப் போகும் அறையைக் கவனியுங்கள்: கிட்டத்தட்டக் காலியான அறை, ஒரு நாற்காலி, சாய்ந்த கூரையில் ஒரு பெரிய வட்டக் கம்பிவலை, அதன் நிழல் தரையில். அவ்வளவுதான், பயம் வந்துவிடுகிறது. டாக்டர் நோவின் வரவேற்பறையில் இருக்கும் மீன் தொட்டிக்குப் பின்னால் ஒரு சமாளிப்பும் உண்டு. கிடைத்த பழைய காட்சித்துண்டில் மீன்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்ததால், கண்ணாடி உருப்பெருக்கிக் காட்டுகிறது என்று ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டார்கள்.

பிறகு கட்டடக்கலைஞர் ஜான் லாட்னரின் வீடுகள் வில்லன்களுக்கென்றே நேர்ந்துவிடப்பட்டது போல ஆயின. பாம் ஸ்பிரிங்ஸில் 1968-இல் அவர் கட்டிய எல்ராட் வீட்டில் மலைப்பாறை அறைக்குள்ளேயே நிற்கும், கூரை கான்கிரீட் குடை போல விரியும். 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' (1971) படத்தில் இரண்டு பெண்கள் ஜேம்ஸ் பாண்டைப் புரட்டி எடுப்பது அங்கேதான். 'தி பிக் லெபோவ்ஸ்கி'யில் (1998) ஆபாசப்பட முதலாளி இருப்பது அவருடைய ஷீட்ஸ்-கோல்ட்ஸ்டீன் வீட்டில். 'எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்' (1997) எடுத்துக்கொண்ட ரிச்சர்ட் நியூட்ராவின் லவல் வீடு 1929-லேயே முடிந்தது. இந்தப் பாணியின் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் குடியிருப்பவன் யோக்கியன் இல்லை.

சிரிக்கும் வீடு

பயத்தை விட்டுவிட்டுச் சிரிப்புக்கு வருவோம். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் டாட்டியின் 'மோன் ஓன்க்ல்' (1958) பார்க்காமல் இந்தப் பாணியைப் பற்றி வாதாடுவதில் பயனில்லை. படத்தில் வரும் ஆர்ப்பெல் தம்பதியின் வில்லாவை டாட்டியின் நண்பரான ஓவியர் ஜாக் லாக்ராஞ்ச் வடிவமைக்க, நீஸ் நகரத்து விக்டோரின் ஸ்டூடியோவில் கட்டினார்கள். எடுத்து முடித்ததும் இடித்தார்கள். படம் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது.

வீட்டில் எந்தப் பொருளும் பார்க்க அசிங்கமாக இல்லை என்பதுதான் இதில் விசேஷம். வாசலில் நிமிர்ந்து நிற்கும் ஓர் உலோக மீன், வாயால் நீரைப் பீய்ச்சும். ஆனால் அழைப்புமணி அடித்த பிறகுதான் வீட்டுக்காரி அதை முடுக்குகிறாள். வந்தது பெரிய மனிதர் என்றால் மீன் தொடர்ந்து துப்பும். டாட்டியே நடிக்கும் ஹூலோ என்ற சொந்தத் தம்பியோ சாமான் கொண்டுவந்த ஆளோ என்றால் உடனே நிறுத்தம். ஒரே குழாயை வைத்து ஒரு வர்க்கத்தின் மனதைச் சொல்லிவிடுகிறார் டாட்டி. தோட்டத்தில் நடக்கும் விருந்தில் மண்ணுக்கடியில் போகும் அந்தக் குழாயில் ஓட்டை விழுகிறது. அதன்பின் நடப்பதை வாசித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

வாசலிலிருந்து வீட்டுக்குப் போகும் பாதை பாம்பு போல வளைகிறது. இரண்டு பெண்கள் கைகளை விரித்துக்கொண்டு ஒருவரையொருவர் வரவேற்க நடக்கிறார்கள். பாதை வளைவதால் ஒரு கட்டத்தில் இருவரும் வேறு வேறு திசையைப் பார்த்துப் புன்னகைக்கிறார்கள். மேல்மாடியில் இரண்டு வட்ட ஜன்னல்கள். இரவில் கணவனும் மனைவியும் ஆளுக்கொன்றில் தலையை நீட்ட, வீடே கண்மணியை உருட்டிப் பார்க்கிறது. அவரைக்காய் வடிவப் பச்சைச் சோபாவில் யாராலும் வசதியாக உட்கார முடியாது. ஹூலோ அதைப் பக்கவாட்டில் கவிழ்த்துப் போட்டுத் தூங்கிவிடுகிறார். சமையலறையில் கை தவறி விழுந்த ஜாடி ரப்பர் பந்து போலத் துள்ளுகிறது. அடடா என்று கண்ணாடித் தம்ளரையும் போட்டுப் பார்க்கிறார், அது உடைகிறது. மின்கண் முன்னால் ஆள் வந்தால் தானே இயங்கும் கார் ஷெட் கதவைக் குறுக்கே போன நாய் மூடிவிட, தம்பதி உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். சென்சார் வைத்த விளக்கோடு மல்லுக்கு நிற்கிற எவரும் இதைப் பழைய படம் என்று சொல்ல மாட்டார்கள்.

பாணியின் ரசிகர்களில் சிலர் இந்தப் படத்தால் புண்படுவதுண்டு. புண்பட வேண்டியதில்லை. டாட்டி கேலி செய்வது வீட்டைவிட, அதைத் துடைத்துத் துடைத்துக் காட்சிப்பொருளாக்கும் குடித்தனத்தை. எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டே போகும் மேடம் ஆர்ப்பெலின் காலடிச் சத்தத்தைக் கேட்டாலே அது புரியும்.

அடுத்த படமான 'பிளேடைம்' (1967) வேறு அளவு. பாரிஸுக்கு வெளியே 1964-இல் ஒரு நகரத்தையே எழுப்பினார். அலுவலகம், விமான நிலையம், சாலை, போக்குவரத்து விளக்கு, சொந்த மின்நிலையம். ஊர் அதை டாட்டிவில் என்றது. எடுத்தது 70 மி.மீ. ஃபிலிமில். தூரத்தில் தெரியும் கட்டடங்களில் சில, சக்கரம் வைத்துத் தள்ளிப் போகக்கூடிய முகப்புகள். பின்னணியில் நிற்கும் ஆட்களில் சிலர் அட்டையில் ஒட்டிய புகைப்படங்கள். படம் பணத்தை விழுங்கிவிட்டது. கடனில் மூழ்கிய டாட்டி தன் முந்தைய படங்களின் உரிமையையும் இழந்தார்.

'மோன் ஓன்க்ல்' ஒரு வீட்டைக் கேலி செய்ததென்றால், இது உலகம் முழுவதும் ஒரே கட்டடமாகிப் போனதைப் பார்க்கிறது. பயண ஏஜென்சிச் சுவரில் லண்டன், ஸ்டாக்ஹோம் என்று சுவரொட்டிகள். எல்லாவற்றிலும் அதே பெட்டிக் கட்டடம். ஈஃபில் கோபுரம் கண்ணாடிக் கதவு திறக்கும்போது அதன் பிரதிபலிப்பாக மட்டும் வந்து போகிறது. காத்திருப்பு அறையின் கறுப்பு வினைல் நாற்காலி, எழுந்ததும் பெருமூச்சு விட்டுப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. உணவகத்தின் கண்ணாடிக் கதவு உடைந்து நொறுங்கிய பிறகு, காவலாளி பித்தளைக் கைப்பிடியை மட்டும் காற்றில் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிறார். அவர்களும் நன்றி சொல்லி நுழைகிறார்கள்.

அலுவலகங்கள்

பில்லி வைல்டரின் 'தி அபார்ட்மென்ட்' (1960) கறுப்பு வெள்ளை. நிறம் இல்லாமல் இந்தப் பாணியா என்று தயங்க வேண்டாம். முடிவில்லாமல் நீளும் அந்தக் காப்பீட்டு அலுவலகம் கலை இயக்குநர் அலெக்ஸாண்டர் ட்ரோனரின் கண்கட்டு வித்தை. முன்வரிசையில் சரியான அளவு மேசை, சாதாரண உயர நடிகர்கள். பின்னால் போகப் போகச் சிறிய மேசை, குள்ளமான ஆட்கள். அதற்கும் பின்னால் இன்னும் சிறிய மேசை, சிறுவர்கள். மேலே ஓடும் டியூப்லைட் வரிசைகள் ஒரு புள்ளியில் போய்ச் சேர்வதுதான் கண்ணை ஏமாற்றுகிறது. பொதுவாகச் செட்டில் கூரை போடமாட்டார்கள், இங்கே கூரைதான் நடிக்கிறது. கலை இயக்கத்துக்கான ஆஸ்கர் இதற்குக் கிடைத்தது. ஜாக் லெமன் வீட்டுக்குத் திரும்பினால் அங்கே வளைமரச் சாமான்களும் பழைய வண்ணக் கண்ணாடி விளக்கும். நவீனம் சம்பளம் தரும் இடம். மனிதன் தூங்குவது பழையதில்.

திரைக்கு வெளியே வைல்டர் இதற்கு நேர்மாறு. இந்தப் பாணியின் வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் நெருங்கிய நண்பர். அவருடைய 'தி ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' (1957) படத்துக்குச் சார்ல்ஸ் சில காட்சித்தொகுப்புகளில் வேலை செய்தார். 1968-இல் ஈம்ஸ் உருவாக்கிய சாய்வுப்படுக்கை, வைல்டர் அலுவலகத்தில் குட்டித்தூக்கம் போடுவதற்காகவே செய்தது. அகலம் சுமார் 18 அங்குலம். கையை மார்பில் கட்டிக்கொண்டுதான் படுக்க முடியும். தூக்கம் ஆழமானால் கை சரிந்து விழும், விழித்துக்கொள்ளலாம்.

நிறத்தோடு அலுவலகம் வேண்டுமென்றால் 'தி பெஸ்ட் ஆஃப் எவ்ரிதிங்' (1959). மீஸ் வான் டெர் ரோவின் சீக்ரம் கட்டடம் திறந்த மறு ஆண்டே எடுத்தது. தொடக்கக் காட்சிகளில் அதன் வெண்கல நிறமும் முன்வெளியும் புதுமெருகோடு இருக்கின்றன. கதை கண்ணீர்க் கதை, நடுவில் இழுக்கும். உள்ளே செட்டில் போட்ட நீலமும் மஞ்சளும் சிவப்புமான தடுப்புகளுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். 'டெஸ்க் செட்' (1957) அதைவிட விறுவிறுப்பு. ஆராய்ச்சிப் பிரிவுப் பெண்களின் வேலைக்கு உலை வைக்க ஒரு பெரிய கணினி வந்து இறங்குகிறது.

பொத்தானை அழுத்தினால்

'பில்லோ டாக்' (1959) படத்தில் ராக் ஹட்சனின் பிரம்மச்சாரி ஃபிளாட்டில் சோபா அருகே ஒரு ஸ்விட்ச். தட்டினால் விளக்கு மங்கும், கதவு பூட்டிக்கொள்ளும், இசைத்தட்டு சுழலும். இன்னொன்று சோபாவைப் படுக்கையாக்கும். டோரிஸ் டே உள்ளலங்காரக் கலைஞர். அவர் பழிவாங்குவது அதே ஃபிளாட்டை வேண்டுமென்றே கண்றாவியாக அலங்கரித்து. எது நல்ல ரசனை, எது கெட்டது என்று 1959-இல் பொதுஜனம் நினைத்ததை முன்-பின் படம் போல ஒரே அறையில் காட்டும் இன்னொரு படம் கிடைப்பது கடினம்.

வீடு கட்டுவதையே பார்க்க விரும்புகிறவர்களுக்கு 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் வென் வீ மீட்' (1960). கிர்க் டக்ளஸ் கட்டடக்கலைஞர். கார்ல் ஆண்டர்சனும் ராஸ் பெல்லாவும் வடிவமைத்த வீட்டைப் படத்துக்காக பெல் ஏரில் நிஜமாகவே கட்டினார்கள். காலி மனை, அஸ்திவாரம், மரச்சட்டம், முடிந்த வீடு என்று கள்ளக்காதலோடு சேர்ந்து அதுவும் வளர்கிறது. வீட்டை வில்லனாக்காத அபூர்வப் படம். பாணியின் உள்ளெலும்பு எப்படி நிற்கிறது என்பது, முடிந்த வீட்டைக் காட்டும் எந்தப் படத்தையும்விட இதில் நன்றாகத் தெரியும்.

'தி பார்ட்டி' (1968) பட்டியல்களில் தவறாமல் வரும். வரவேற்பறைக்கு நடுவே ஓடும் நீர்க்கால், நகர்ந்து திறக்கும் தரை, எதை அழுத்தினால் எது நடக்குமென்று தெரியாத கட்டுப்பாட்டுப் பலகை என்று வீடு பிரமாதம். பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு இந்தியராக நடித்திருப்பதும் அதே படத்தில்தான். அந்த உச்சரிப்பு நம் காதில் ஒன்றரை மணி நேரம் உறுத்தும். வீடு மட்டும் போதுமென்றால் பாதியில் நிறுத்தினாலும் குற்றமில்லை.

இத்தாலிக்குப் போனால் தொனி மாறும். அன்டோனியோனியின் 'லா நோட்டே' (1961) மிலான் நகரத்துப் பிரெல்லி கோபுரத்தின் கண்ணாடி முகப்பையொட்டிக் கேமரா கீழே இறங்குவதோடு தொடங்குகிறது. கோபுரம் ஜியோ பொன்ட்டியினுடையது. 'லெக்லிஸ்ஸே' (1962) ரோமின் யூர் பகுதியில், காளான் வடிவத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நடக்கிறது. இரண்டும் மெதுவாக நகரும். கட்டடத்துக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை உற்றுப் பார்க்கப் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்.

ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யில் (1968) எதிர்காலத்துக்கென்று செய்ததாகத் தோன்றும் பல பொருட்கள் அப்போதே கடையில் விற்றவை. விண்வெளி நிலையத்தின் சிவப்பு இருக்கைகள் ஒலிவியே மூர்க் 1965-இல் வடிவமைத்த ஜின் வரிசை. அருகே ஏரோ சாரினெனின் ஒற்றைக்கால் மேசைகள். விண்கலத்தில் சாப்பிடும் கரண்டிகள் ஆர்னே யாக்கப்சென் 1957-இல் வடிவமைத்தவை.

இந்தப் பாணியைச் சந்தேகமே இல்லாமல் நேசிக்கும் படம் வேண்டுமா? வடிவமைத்தவர்களே எடுத்தது ஒன்று இருக்கிறது. ஈம்ஸ் தம்பதியின் 'ஹவுஸ்: ஆஃப்டர் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் லிவிங்' (1955), சுமார் 11 நிமிடம். தொழிற்சாலைப் பட்டியலில் கிடைக்கும் எஃகுப் பாகங்களை வைத்து 1949-இல் கட்டிய தங்கள் வீட்டை, முழுக்க நிலைப்படங்களாலேயே காட்டுகிறார்கள். இசை எல்மர் பெர்ன்ஸ்டீன். அதில் நாற்காலியைவிட அதிக நேரம் வருவது ஜன்னலில் விழும் இலை நிழல், பொம்மை, கூடை, பூ. இதே தம்பதியைத்தான் இந்திய அரசு அழைத்தது. 1958-இல் அவர்கள் கொடுத்த அறிக்கையில் வடிவமைப்புக்கு உதாரணமாக மெச்சியது நம் சொம்பை. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது.

பார்க்கும்போது என்ன கெடும்

முதலில் படச்சட்டத்தின் அளவு. 2.35 அகலப் படத்தைப் பழைய டிவிக்காக 1.33-ஆக வெட்டிய பிரதிகள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. வெட்டும்போது படத்தின் 43 விழுக்காடு போய்விடும். போவது முகமில்லை, நாம் பார்க்க வந்த அறை. 'பில்லோ டாக்'கில் திரை இரண்டாகப் பிளந்து இருவரும் தொலைபேசும் காட்சியே சோதனை. இருவரில் ஒருவர் வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் பிரதியை விடுங்கள். நல்ல பிரதியிலும் இன்றைய டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். படம் திரை உயரத்தில் முக்கால் பங்கைத்தான் நிரப்பும். ஜூம் போட்டு நிரப்பினால் இரண்டு ஓரமும் போச்சு.

அடுத்தது நிறம். 1950-களில் பரவிய ஈஸ்ட்மன்கலர் பிரின்ட்களில் பச்சைநீலச் சாயம் முதலில் வெளிறும், மிஞ்சுவது இளஞ்சிவப்பு. அப்படிப்பட்ட பிரின்டிலிருந்து எடுத்த கோப்பில் கடுகு மஞ்சள் சோபா சால்மன் நிறமாகவும், நீலப்பச்சைச் சுவர் சாம்பலாகவும் தெரியும். அதைப் பார்த்து வீட்டுக்குப் பெயின்ட் தேர்ந்தால் கதை கந்தல். மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்த பதிப்பு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். டிவியில் ஃபிலிம்மேக்கர் அல்லது சினிமா மோடு, அசைவை மென்மையாக்கும் வசதி அணைப்பு, ஷார்ப்னஸ் அடிமட்டம். 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' போடாவிட்டால் ஓவர்ஸ்கேன், அதாவது டிவி தானே படத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவது, ஓரங்களை மென்று விடும்.

மூன்றாவது, பிற்காலத்தில் எடுத்த காலப்படங்கள். டாம் ஃபோர்டின் 'எ சிங்கிள் மேன்' (2009) நல்ல படம். லாட்னர் 1949-இல் கட்டிய ஷாஃபர் வீட்டில் எடுத்தது. ஆனாலும் இந்த வகைப் படங்கள் பின்னோக்கிப் பார்ப்பவை. எதை வைத்தால் நாம் அடையாளம் கண்டுகொள்வோமோ அதை வைப்பவை. தேதி தெரிந்தால் பிடித்துவிடலாம். ஈம்ஸ் லவுஞ்ச் நாற்காலி 1956, சாரினெனின் டியூலிப் 1957, யாக்கப்செனின் முட்டை நாற்காலி 1958, பளிங்கு அடியோடு வளைந்து நிற்கும் ஆர்கோ விளக்கு 1962. கதை 1955-இல் நடக்கிறது, மூலையில் ஆர்கோ நிற்கிறது என்றால் கலை இயக்குநர் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறார்.

எந்த வரிசையில் பார்ப்பது? 11 நிமிட ஈம்ஸ் படத்தில் தொடங்கி, அதே நாளில் 'மோன் ஓன்க்ல்' பாருங்கள். ஒன்று இந்தப் பாணியின் மிகச் சிறந்த வக்கீல், மற்றது மிகச் சிறந்த எதிர்க்கட்சி. பிறகு 'நார்த் பை நார்த்வெஸ்ட்', 'தி அபார்ட்மென்ட்', 'பில்லோ டாக்', 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் வென் வீ மீட்'. 'பிளேடைம்' கடைசியில். அதைக் கைபேசியில் பார்ப்பது வீண், ஏனென்றால் குளோசப் கிட்டத்தட்டக் கிடையாது. நகைச்சுவை சட்டத்தின் மூலையில், பின்வரிசையில், கண்ணாடிக்கு அப்பால் நடக்கும். 55 அங்குல டிவி என்றால் ஆறடித் தூரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். முதல் முறை ஹூலோவைத் தொடருங்கள், இரண்டாம் முறை அவரை விட்டுவிட்டுப் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள்.